விட்டுப்போன மணலுக்குத் திரும்பப் போகிறவர்களுக்கு

சார்ஜாவில் இருந்த ஏழு வருடமும் வெள்ளிக்கிழமை விடிந்தால் நான் அல் பதாயர் மணலில் பைக் ஓட்டிக்கொண்டுதான் கிடப்பேன். ஹத்தா ரோட்டை ஒட்டி 'பிக் ரெட்' என்று ஒரு சிவப்பு மணல்மலை, அங்கே போன எல்லாருக்கும் தெரியும். 2014-ல் ஊருக்கு வந்து பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை போட்டேன். அப்புறம் கல்யாணம், குழந்தை, தோப்புக்குத் தண்ணீர் தகராறு என்று ஒன்பது வருடம் ஓடிவிட்டது. 2023 டிசம்பரில்தான் மறுபடி மணலைத் தொட்டேன், இந்த முறை ராஜஸ்தான், ஜெய்சல்மேர் பக்கம்.

ஏறின முதல் மேட்டிலேயே விழுந்தேன்.

பெரிய மேடு ஒன்றும் இல்லை, ரெண்டு ஆள் உயரம் இருக்கும். உச்சிக்கு வந்ததும் அந்தப் பக்கம் சடாரென்று இறக்கம் தெரிந்தது, பயத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக விட்டு முன் பிரேக்கையும் பிடித்துவிட்டேன். முன் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்தது, நான் ஹேண்டிலுக்கு மேலே போய் விழுந்தேன். கிளட்ச் லீவர் ஒடிந்தது, முட்டி இட்லிப் பானை மாதிரி வீங்கியது. நாலு நாள் பயணத்தில் ரெண்டு நாள் மற்றவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட வந்தவர்களில் ரெண்டு பேர் மணலையே முதல் தடவையாகப் பார்க்கிறவர்கள், அவர்கள் விழவில்லை. அவர்களுக்குத் தெரியாது, அதனால் மெதுவாகப் போனார்கள். எனக்குத் தெரியும் என்று என் தலை சொன்னது, கையும் காலும் எப்போதோ மறந்துவிட்டிருந்தன.

அதனால் இதைப் புதிதாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன், இடைவெளி விட்டுத் திரும்பப் போகிறவரும் தன்னைப் புது ஆளாகவே எண்ணிக்கொண்டு படிக்கட்டும். எல்லாம் பைக்கை வைத்துச் சொல்வது. ஜீப்பில் போகிறவர்களுக்கும் மேட்டைப் படிக்கிற விஷயமும் கூடாரம் போடுகிற விஷயமும் அப்படியே பொருந்தும்.

முதலில் உடம்பு

பயணத்துக்கு ஆறு வாரம் முன்னால் ஆரம்பியுங்கள். மணலில் வண்டி ஓட்டுவது பாதி நேரம் நின்றுகொண்டு ஓட்டுவதுதான், ஃபுட்ரெஸ்ட்டில் நின்று முட்டியை லேசாக மடித்து, இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி. வீட்டில் அதே மாதிரி அரை உட்காரலாக ரெண்டு நிமிடம் நின்று பாருங்கள், தொடை நடுங்கினால் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். தோப்பு வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, கடையில் உட்கார்ந்தே வயிறு வளர்த்த என்னைப் போன்றவர்களுக்குத்தான் சிக்கல். விழுந்த வண்டியைத் தூக்கவும் பழக வேண்டும். எக்ஸ்பல்ஸ் 200 கிட்டத்தட்ட 160 கிலோ, ஹிமாலயன் 200-ஐத் தொடும். முதுகை வளைத்துத் தூக்கினால் அன்றைக்கே பயணம் முடிந்தது. வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டிலிலும் இன்னொரு கை பின் கம்பியிலும் வைத்து, காலால் தள்ளிப் பின்னோக்கி நடந்தால் எழுந்துவிடும். ஒரு நாளைக்கு பத்து தடவை தூக்க நேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஜில்லா ஷொரணூர்க்காரர் ஹரித் நோவா 2024 டக்கார் ராலி என்கிற பாலைவனப் பந்தயத்தில் ராலி-2 பிரிவில் முதல் இடம் வந்தார், மொத்தத்தில் 11-ஆவது. அடுத்த வருடம் அதே டக்காரில் தொடக்கச் சுற்றிலேயே மணிக்கட்டு முறிந்து வெளியே வர வேண்டியதாயிற்று. அதையே தொழிலாகச் செய்கிறவருக்கே இந்த நிலைமை என்றால் நமக்கு ஹெல்மெட், கண்ணாடி, முட்டிக்காப்பு, கணுக்காலை மூடுகிற பூட்ஸ் எல்லாம் கட்டாயம்தானே. கேன்வாஸ் ஷூவில் வந்த ஒருவனுக்கு வண்டிக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டது. மணல் மெத்தென்று இருந்ததால் தப்பித்தான், கல் கிடந்திருந்தால் கதை வேறு.

வண்டி

புது வண்டி வாங்காதீர்கள். முதல் பயணத்துக்கு இலகுவான பழைய வண்டிதான் நல்லது, விழுந்தால் மனசு வலிக்காது. நான் எடுத்தது செகண்ட் ஹேண்ட் எக்ஸ்பல்ஸ். முன் சக்கரம் 21 இன்ச், பின் சக்கரம் 18 இன்ச், மணலுக்கு இதுபோதும். பெரிய வண்டி நெடுஞ்சாலையில் சுகம், மணலில் அது அடம் பிடிக்கிற எருமை.

டயர் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்ததாக இருக்க வேண்டும், ரோட்டு டயர் மணலில் வழுக்கும். ஏர் ஃபில்டர் புதிதாக ஒன்று மாட்டி, இன்னொன்று பையில். செயினுக்கு வழக்கமாகப் போடுகிற எண்ணெயை அங்கே போட்டால் மணல் முழுக்க அதில் ஒட்டிக்கொண்டு அரம் மாதிரி அராவிவிடும், அதனால் துடைத்துக் காயவைத்தே ஓட்டுங்கள், எண்ணெய் எல்லாம் ஊர் திரும்பிய பிறகு.

லீவர் விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டேன். கிளட்ச், பிரேக் லீவர்களை ஹேண்டிலில் பிடித்திருக்கிற கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், கையால் அழுத்தித் திருகினால் சுழல்கிற அளவுக்கு. விழுந்தால் லீவர் சுழன்றுகொள்ளும், ஒடியாது. என் கடையில் வேலை பார்க்கிற பையன் கிளம்பும்போதே, "அண்ணா, இறுக்கமா வெச்சா ஒடிஞ்சிருமுங்க" என்றான், நான் கேட்கவில்லை. எதற்கும் ஒரு ஜோடி உபரி லீவர் எடுத்துக்கொள்ளுங்கள், முந்நூறு கிராம்கூட இருக்காது.

டியூப் டயர் என்றால் இன்னொரு நுணுக்கம். மணலில் காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் ரிம்மின் மேல் மெல்ல நழுவும், உள்ளே இருக்கிற டியூபையும் இழுத்துக்கொண்டு போகும், கடைசியில் வால்வு இருக்கிற இடத்தில் டியூப் பிய்த்துக்கொள்ளும். இதைத் தடுக்க ரிம் லாக் என்று ஒன்று வருகிறது, ரிம்மில் ஒரு ஓட்டை போட்டு மாட்டுவது. அது இல்லையென்றால் வால்வு அடியில் இருக்கிற சின்ன நட்டை ரிம்மோடு சேர்த்து முடுக்காமல் மேலே, மூடியோடு ஒட்டி வைத்துவிடுங்கள். டயர் நழுவ ஆரம்பித்தால் வால்வு சாய்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். அப்போது காற்றை முழுக்க இறக்கி, டயரைப் பின்னுக்குத் தள்ளி, வால்வை நேராக்கிவிட்டு ஓட்டலாம். ஒவ்வொரு ஓய்விலும் குனிந்து பார்க்க வேண்டியது அந்த வால்வுதான்.

மற்ற சாமான்: பஞ்சர் ஒட்டுகிற கிட், ஒரு டியூப், கால் பம்ப் அல்லது பேட்டரியில் ஓடுகிற சின்னக் கம்ப்ரஸர், காற்று அளக்கிற கேஜ், கட்டி இழுக்க ஒரு கயிறு. சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு எவர்சில்வர் மூடி. இது இல்லாமல் மணலில் வண்டியை நிறுத்தவே முடியாது, ஸ்டாண்டு குழியில் இறங்கி வண்டி மெதுவாகப் படுத்துக்கொள்ளும். வீட்டில் கேட்காமல் எடுத்தால் நல்ல பாத்திரத்தின் மூடியாகத்தான் இருக்கும், கேட்டே எடுங்கள்.

வண்டியின் பின்னால் ரெண்டு மீட்டருக்கு மேல் உயரத்தில் ஒரு கம்பு, நுனியில் ஆரஞ்சுத் துணி. மேட்டுக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருப்பது இந்தப் பக்கம் ஏறி வருகிறவனுக்கு அந்தத் துணியால்தான் தெரியும். தூண்டில் கம்பு போதும். அசிங்கமாக இருக்கிறது என்று கூட்டத்தில் ஒருத்தன் கழற்றி வைப்பான், அவனுக்குப் பின்னால் போகாதீர்கள்.

உழுது போட்ட காடு

பயணத்துக்கு முன்னால் ஊரிலேயே பழக வேண்டும். எங்கள் பகுதி கேரளம் என்று பெயர்தானே தவிர, கிழக்கே எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் மழை மறைவு, பார்க்கப் பொள்ளாச்சிக்காடு மாதிரிதான். கோடை மழைக்கு முன் நிலத்தை உழுது போட்டிருப்பார்கள், அந்தப் பொலபொலவென்ற செம்மண் மணலுக்கு ரொம்பப் பக்கத்துச் சொந்தம். முன் சக்கரம் அங்கேயும் இங்கேயும் அலையும், பயந்து பிரேக் பிடித்தால் புதையும், கொஞ்சம் முறுக்கினால் நேராகிவிடும். மணல் கற்றுக்கொடுக்கிற பாடத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்டது வேலந்தாவளம் பக்கத்தில் ஒரு பெரியவரை. "ஏனுங் தம்பி, நான் உழுது போட்டது கடலை போடறதுக்கு, நீங்க சக்கரத்துல மறுபடியும் உழுகறீங்களா" என்று சிரித்தார். விதைக்கிறதுக்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டு, வரப்பை மட்டும் உடைக்காதே என்றார். ஆற்று மணலில் ஓட்டிப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள், சித்தூர்ப்புழையில் மிச்சம் இருக்கிற மணலே கொஞ்சம், அதை நாமும் கலைக்க வேண்டாம். திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டையும் கேட்கிறார்கள். பார்க்க அசல் பாலைவனம் மாதிரியே இருக்கும், ஆனால் அதில் நிறைய இடம் வனத்துறைக் கட்டுப்பாடு, அங்கே போய் நடந்து பாருங்கள், வண்டியை வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

பழகும்போது மூன்று விஷயம் போதும். நின்றுகொண்டு முதல் கியரில் புறப்பட்டு சீக்கிரம் ரெண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாறுவது, பார்வையை சக்கரத்துக்கு முன்னால் வைக்காமல் இருபது முப்பது மீட்டர் தள்ளி வைப்பது, முன் பிரேக்கைத் தொடாமல் நிறுத்துவது. மூன்றாவதுதான் கஷ்டம். ரோட்டில் வருடக் கணக்கில் ஓட்டின கை தானாகப் போய்ப் பிடிக்கும். நான் பயிற்சியின்போது அந்த லீவரில் ஒரு நூலைச் சுற்றி வைத்திருந்தேன், விரல் பட்டதும் ஞாபகம் வரட்டும் என்று. அங்கே போனபோது நூலை அவிழ்த்துவிட்டேன், அதன் பலனைத்தான் முதல் மேட்டில் அனுபவித்தேன்.

எப்போது, எங்கே

நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரைக்கும். மார்ச் முடிந்தால் வெயில் தாங்காது, அதற்கப்புறம் மணல்காற்று. டிசம்பர் ஜனவரியில் பகலில் நம்ம ஊர் மார்கழி மாதிரி இருக்கும், ராத்திரி அஞ்சு ஆறு டிகிரிக்கு இறங்கும். பாலக்காட்டுக்காரனுக்கு அந்தக் குளிர் பழக்கமில்லை, மூணாறுக்குக் கொண்டுபோகிற ஸ்வெட்டர் பத்தாது. இன்னொன்று, ஜெய்சல்மேர் நாட்டின் மேற்கு ஓரம், அந்த மாதத்தில் விடியவே ஏழேகால் தாண்டும், சாயங்காலம் ஆறு மணிக்குள் இருட்டத் தொடங்கிவிடும். பகல் சின்னது என்று கணக்கு வைத்துத் திட்டம் போடுங்கள்.

ஜெய்சல்மேரிலிருந்து சாம் மணல்மேடுகள் மேற்கே 40 கிலோமீட்டர் சுமார். குரி என்கிற கிராமம் தென்மேற்கில், கூட்டம் அங்கே குறைவு. சாமில் ஒட்டகம், ஜீப், ஜெனரேட்டர் சத்தம், ராத்திரி பாட்டுக் கச்சேரி என்று திருவிழாதான், புது ஆளுக்கு அதில் ஒரு வசதியும் உண்டு, ஏதாவது ஆனால் கூப்பிடு தூரத்தில் மனிதர் இருப்பார்கள். முதல் நாள் அங்கே, அப்புறம் குரி. எனக்குப் பிடித்தது குரிதான்.

எங்கே மணல் தெரிந்தாலும் இறங்கிவிட முடியாது. அந்தப் பகுதியைச் சுற்றித்தான் பாலைவன தேசியப் பூங்கா, 3,162 சதுர கிலோமீட்டர். கானமயில் என்கிற பறவை இன்று உயிர்பிழைத்திருப்பது முக்கியமாக அந்த நிலத்தில்தான், நூற்றுச் சொச்சம் மட்டுமே மிச்சம், சாமிலேயே 2019 முதல் அதற்கு இனப்பெருக்க மையம் நடக்கிறது. வேலி போட்ட பகுதிக்குள் சக்கரம் படக்கூடாது. வேலி இல்லாத இடத்திலும் 'ஓரண்' என்று உண்டு, நம்ம ஊர்க் கோயில்காடு மாதிரி, கிராமத்தார் தெய்வத்துக்கு விட்ட நிலம். எது ஓரண், எது ஓட்டலாம் என்பதை கிராமத்தில் கேட்டால்தான் தெரியும். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள், அந்தக் காசில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பாகிஸ்தான் எல்லை பக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். நமக்கு எல்லை என்றால் கோபாலபுரம் செக்போஸ்ட், காய்கறி லாரியும் கள்ளு வண்டியும் நிற்கும். அங்கே எல்லை என்றால் ராணுவம். சாமைத் தாண்டி மேற்கே போகிறதுக்கு முன்னால் ஜெய்சல்மேரிலேயே போலீசில் விசாரித்து, அனுமதி வேண்டுமென்றால் வாங்கிக்கொண்டு போங்கள். ட்ரோன் கொண்டு போகாதீர்கள். கல்ஃபில் வாங்கின சாட்டிலைட் போன் வீட்டில் இருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள், இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

வண்டியை அங்கே கொண்டுபோக, ஓட்டியே போகிற ஆசை எல்லாருக்கும் வரும். இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், போய்ச் சேரும்போது முதுகு செத்திருக்கும், அதற்கப்புறம் மணலா? ரயிலில் பார்சல் போடுங்கள். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு, கொங்கண் வழியாக ஜோத்பூர் போகிற வாராந்திர ரயில் இருக்கிறது. பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் இறக்க வேண்டும், ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் வேண்டும், சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்ட வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நான் கழற்றவில்லை, ஒன்று சில்லாகி வந்தது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் 280 கிலோமீட்டர் சொச்சம், நல்ல ரோடு, கை பழகிக்கொள்ள அதுவே போதும்.

காற்றை இறக்கு, மேட்டைப் பார்

தார் ரோட்டை விட்டு இறங்கினதும் முதல் வேலை டயரில் காற்றை இறக்குவது. ரோட்டில் 25, 28 பி.எஸ்.ஐ. என்று வைத்திருப்பதை 15, 16-க்குக் கொண்டுவாருங்கள், ரிம் லாக் இருந்தால் 12 வரை போகலாம். டயர் பரந்து மணலின் மேல் மிதக்கும், இல்லாவிட்டால் கத்தி மாதிரி கிழித்துக்கொண்டு உள்ளே போகும். நம்பமாட்டீர்கள், காற்று இறக்கினால் ஓட்டவே தெரியாதவன்கூட ஏறிவிடுவான், காற்று இறக்காத பழைய ஆள் அடியிலேயே தோண்டிக்கொண்டிருப்பான்.

அடுத்து மேட்டைப் படிப்பது. ஒவ்வொரு மேட்டுக்கும் ரெண்டு முகம். காற்று வருகிற பக்கம் சாய்வு குறைவு, மணல் கெட்டிப்பட்டு இருக்கும், அலை அலையாகக் கோடு தெரியும். எதிர்ப்பக்கம் மணல் உச்சியிலிருந்து சரிந்து விழுந்து நிற்கிற பக்கம், உலர்ந்த மணல் நிற்கக்கூடிய உச்சபட்சச் சாய்வில், அதாவது 34 டிகிரி சுமாரில் நிற்கும், காலை வைத்தாலே ஆறு மாதிரி ஓடும். தார் பாலைவனத்து மேடுகளை முக்கியமாக உருவாக்குவது கோடைத் தென்மேற்குக் காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் நம்ம வாழை மரத்தைச் சாய்க்கிற அதே பருவக்காற்றுதான். அதனால் பொதுவாகத் தென்மேற்கிலிருந்து ஏறுவது சுலபம், வடகிழக்குப் பக்கம் செங்குத்து. பொதுவாகத்தான் சொல்கிறேன், ஒவ்வொரு மேட்டையும் கண்ணால் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

தெரியாத மேட்டில் முதல் தடவை வண்டியோடு ஏறாதீர்கள். இறங்கி நடந்து ஏறி அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூச்சு வாங்கும், வாங்கட்டும். அந்தப் பக்கம் செங்குத்தா, குழியா, ஒட்டகம் படுத்திருக்கிறதா, கூடாரம் போட்டு யாராவது தூங்குகிறார்களா, எதுவும் கீழேயிருந்து தெரியாது.

ஏறும்போது வேகத்தைக் கீழேயே, சமதளத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். சரிவின் நடுவில் திடீரென்று முறுக்கினால் பின் சக்கரம் தோண்ட ஆரம்பிக்கும். ரெண்டாவது அல்லது மூன்றாவது கியரில் ஒரே சீராக ஏறி, உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது மெதுவாக விட ஆரம்பியுங்கள், உச்சியில் நடக்கிற வேகத்துக்கு வந்திருக்க வேண்டும். நான் செய்த மாதிரி டக்கென்று விடுவதும் தப்பு, சின்னப் பையன்கள் செய்கிற மாதிரி விடாமல் பறப்பதும் தப்பு.

ஏற முடியவில்லை, வேகம் செத்துக்கொண்டு வருகிறது என்று தெரிந்தால் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே வளைத்துக் கீழே திருப்பிவிடுங்கள். நின்றேவிட்டால் கிளட்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் உருளவிடாதீர்கள், வண்டியை மேட்டுப் பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, முன் சக்கரத்தைப் பிடித்து இழுத்துக் கீழ்நோக்கித் திருப்பி, அப்புறம் தூக்குங்கள். இறங்கும்போது நேர் கீழே, ரெண்டாவது கியரில், கிளட்சைத் தொடாமல். குறுக்காக இறங்கினால் கீழ்ப்பக்கம் சரிந்து உருண்டுவிடும். முன் சக்கரம் அமுங்கினால் பிரேக் இல்லை, லேசாக முறுக்கு. எத்தனை தடவை படித்தாலும் அந்த நேரத்தில் கை எதிராகத்தான் போகும், அதற்குத்தான் உழுத காடு.

ஓட்ட நல்ல நேரம் காலை பத்து மணி வரை. ராத்திரிப் பனியில் மணல் கெட்டியாக இருக்கும், நிழல் நீளமாக விழுவதால் மேடு பள்ளம் தெரியும். நடு மத்தியானம் எல்லாமே ஒரே வெள்ளையாக, உச்சி எது, குழி எது என்றே தெரியாது, அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். மூன்று மணிக்கு மேல் மறுபடி ஒரு ஒன்றரை மணி நேரம். அதற்கப்புறம் "கடைசியா ஒரே ஒரு ரவுண்டு மாப்ளே" என்று யாராவது சொல்வான். அந்த ரவுண்டில்தான் எலும்பு முறியும்.

புதைந்தால்

புதையும். பின் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்று தெரிந்த அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். இன்னும் ரெண்டு முறுக்கு முறுக்கினால் வெளியே வந்துவிடும் என்று தோன்றும், வராது, செயின் வரைக்கும் இறங்கும். இறங்கிப் பாருங்கள், வண்டி ஸ்டாண்டு இல்லாமலே தானாக நிற்கும், அது ஒரு வேடிக்கை. இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை ஒரு பக்கம் அப்படியே படுக்கவையுங்கள். பின் சக்கரம் குழியிலிருந்து வெளியே வரும்போது ஒரு ஈரமான மணல் வாசனை வரும், ஒரு சாண் தோண்டினாலே குளிர்ச்சி இருக்கும். அந்தக் குழியைக் காலாலேயே மூடி மிதியுங்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, பக்கத்தில் நடந்துகொண்டே முதல் கியரில் மெதுவாக நகர்த்தி, ஓட ஆரம்பித்ததும் ஏறிக்கொள்ளுங்கள். தோண்டி எடுக்கிறேன் என்று கையால் மணலை வாரிக்கொண்டிருந்தால் வாரிய அளவு மறுபடி உள்ளே வரும்.

ரெண்டு மூன்று தடவை இப்படி ஆனால் கிளட்ச் கருகுகிற நாற்றம் வரும். பத்து நிமிடம் விடுங்கள், நீங்களும் தண்ணீர் குடியுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர் குறையாமல், அதற்கு மேல் ஒரு நாள் உபரி. பெட்ரோல் ரோட்டில் குடிக்கிற மாதிரி ரெண்டு மடங்கு குடிக்கும், ஜெய்சல்மேரிலேயே முழு டேங்க் போட்டுக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகவே கூடாது, குறைந்தது மூன்று வண்டி. ஒருவன் விழுந்தால் ஒருவன் பக்கத்தில் இருக்க, ஒருவன் ஆள் கூட்டிவர. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கிராமத்து டீக்கடையில் சொல்லிவிட்டுப் போங்கள். போனில் வரைபடத்தை முன்னாலேயே இறக்கி, கூடாரம் இருக்கிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சக்கரத் தடத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்று இருக்க வேண்டாம், ஒரு மணி நேரக் காற்று போதும், நீங்கள் வந்ததே இல்லை என்று ஆக்கிவிடும்.

கூடாரம்

நாலரை மணிக்கு இடம் பார்க்க ஆரம்பியுங்கள். உச்சியில் போட்டால் படம் நன்றாக வரும், ராத்திரி காற்றில் கூடாரத்தோடு பறக்கலாம். செங்குத்துச் சரிவின் அடியிலும் வேண்டாம், மேலேயிருந்து மணல் சரியும், தெரியாமல் எவனாவது வண்டியோடும் வருவான். ரெண்டு மேட்டுக்கு நடுவில் கெட்டியான சமதளம், சக்கரத் தடமோ ஒட்டகத் தடமோ இல்லாத இடம், புதரிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி. வண்டிகளை வெளிப்பக்கமாக வரிசையாக நிறுத்தி ஒரு சின்ன விளக்கு தொங்கவிடுங்கள்.

கூடாரத்தோடு வருகிற ஆணி மணலில் ஒரு நிமிடம்கூட நிற்காது. அரிசிச் சாக்கை நாலாக வெட்டித் தைத்து எடுத்துக்கொண்டு போங்கள், எடையே இல்லை. அதில் மணலை நிரப்பி வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மிதித்துவிட்டால் அசையாது. வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். இதை நான் முதல் ராத்திரியே செய்தேன், கூட வந்தவன் ஆணியை நம்பினான், ரெண்டு மணிக்கு அவனையும் போர்வையையும் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

பூட்ஸைக் கூடாரத்துக்குள்ளே வையுங்கள், காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். தேள் உண்டு, சுருட்டை விரியனும் உண்டு. மணல் நிறத்தில் சின்னதாக இருக்கும், இருட்டில் நடக்கும்போது டார்ச் இல்லாமல் காலை வைக்காதீர்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஜெய்சல்மேர் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோங்கள்.

நெருப்புக்கு அங்கே இருக்கிற மரத்தை ஒடிக்காதீர்கள். 'கேஜ்ரி' என்று அவர்கள் சொல்கிறது வேறெதுவும் இல்லை, நம்ம வன்னி மரம், சிவன் கோயிலில் சுற்றி வருகிறோமே அதுதான். ராஜஸ்தானின் மாநில மரம். 1730-ல் ஜோத்பூர் பக்கத்தில் கேஜர்லி என்ற ஊரில் அந்த மரத்தை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள், அந்த மண்ணில் போய் டீ போட வன்னிக் கிளையை முறிக்கிறதா? ஜெய்சல்மேரிலேயே கரியோ சின்ன கேஸ் அடுப்போ வாங்கிக்கொள்ளுங்கள். அணைக்கும்போது மணலைப் போட்டு மூடாதீர்கள், மூடிய கங்கு விடிய விடிய அடியில் கனன்றுகொண்டிருக்கும், வெறுங்காலோடு வருகிறவனுக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றியே அணையுங்கள்.

சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து கட்டுச்சோறு. புளிசாதம் முதல் ரெண்டு நாளைக்குத் தாங்கும், அப்புறம் அவல், நாட்டுச்சர்க்கரை, கடலைமிட்டாய், இட்லிப்பொடி தடவின சப்பாத்தி. கட்டஞ்சாயா போட எலுமிச்சம்பழம் நாலு. குப்பை எல்லாம் திரும்பப் பைக்குள். வெளிக்குப் போகிறவர்கள் ஒரு சாணுக்கு மேல் ஆழமாகத் தோண்டி மூடுங்கள், காகிதத்தைப் புதைக்காமல் கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள், காற்று அடித்தால் புதைத்தது எல்லாம் வெளியே வந்துவிடும்.

திரும்பும்போது

தார் ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் டயரில் காற்றை மறுபடி ஏற்றுங்கள். சோம்பல்பட்டு 15-லேயே அம்பது கிலோமீட்டர் ஓட்டினால் டயர் சூடாகிப் பிய்த்துக்கொள்ளும். லீவர் கிளாம்புகளை முடுக்குங்கள், வால்வு நட்டைச் சரி பாருங்கள்.

ஊர் வந்ததும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், பேரிங்குக்குள் மணல் இன்னும் உள்ளே போகும். முதலில் காற்றால் ஊதி, அப்புறம் வாளித் தண்ணீரில் துணி. செயினை டீசலில் கழுவிக் காயவைத்துப் பிறகு எண்ணெய். சக்கர பேரிங், ஹேண்டில் பேரிங் ரெண்டையும் ஆட்டிப் பாருங்கள், கரகரவென்று கேட்டால் மாற்ற வேண்டியதுதான். ஏர் ஃபில்டர் இருக்கிற டப்பாவுக்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள், ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கத்துக் குழாயில் விரலில் மணல் ஒட்டினால் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள். என்னுடையதில் குழாய் சுத்தமாக இருந்தது, டப்பாவில் மட்டும் அரை டம்ளர் மணல். மெக்கானிக் அதைத் தரையில் தட்டிக் கொட்டிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏனுங்ணா, ராத்திரியில புழை மணல் அள்ளப் போயிட்டு வர்றீங்களா?" என்றான்.